கைமாறிய வண்டியும் கைமாறாத உத்தரவாதமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய முதல் தலைமுறை பிரட்டுக்களத்துக்கு இருட்டோடு நடந்தே போயிற்று. அடுத்த தலைமுறை சைக்கிளிலும், அதன்பின் மோட்டார் சைக்கிளிலும் போயிற்று. 1985-ல் புரோட்டோன் சாகாவும் 1994-ல் பெரோடுவா கஞ்சிலும் சந்தைக்கு வந்து, பட்டணத்து உத்தியோகஸ்தர்களின் கையிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று தோட்டப்புறத்துக்கு இறங்கிய பிறகுதான், லயத்து வீட்டு வாசலில் கார் நிற்பது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சியாயிற்று. ரந்தாவ், லிங்கி, சிலியாவ் பக்கமானாலும் சரி, பாஹாவ், ஜெராம் பாடாங் பக்கமானாலும் சரி, இந்த வண்டிகளில் பெரும்பாலானவை புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. ஒருவர் ஐந்தாண்டு ஓட்டி, இன்னொருவர் ஆறாண்டு ஓட்டி, அவருடைய மைத்துனர் மூன்றாண்டு ஓட்டி, கடைசியில் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் நம்மவர் ஒருவர் வாங்கியவை அவை.

இன்று இந்தக் கைமாறிய வண்டிகளில் பெரும்பகுதி ஆட்டோ கியர் கொண்டவையாகிவிட்டன. கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் ஓய்ந்த தகப்பனாருக்கு அது வசதி. புதிதாக லைசன்ஸ் எடுத்த மகளுக்கும் அது வசதி. ஆனால் இந்த வசதி ஓர் எண்ணெயின் தயவில் நடப்பது என்பதும், அந்த எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும்வரைதான் நடக்கும் என்பதும், வண்டியை விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. சொல்லப்படாமலும் கேட்கப்படாமலும் போகும் அந்த விஷயத்தைப் பற்றி உலகின் மறுகோடியில் ஆயிரக்கணக்கானோர் புகார் எழுதினார்கள். அந்தப் புகார்களுக்கு நேர்ந்த கதி நம் தோட்டப்புறத்து வாசகர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் யந்திரத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கொண்டுசெல்வது கிளட்ச் தகடு. ஆட்டோ கியரிலோ அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பல்களுக்கென்று ஆராய்ந்து 1905-ல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது: எதிரெதிராக வைத்த இரண்டு இதழ்ச் சக்கரங்களில் ஒன்று எண்ணெயை விசிறியடிக்க, அடிபட்ட எண்ணெயின் வேகத்தில் மற்றொன்று சுழலும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இந்தத் தத்துவத்தைச் சேர்ந்த ஹைட்ராமாட்டிக் கியரைப் பொருத்தி, சாமானியர் வாங்கும் வண்டிக்கும் அதைக் கொண்டுவந்தது. எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும்போது ஒரு பங்கு வழுக்கலில் வீணாகிறது. வீணான அந்த விசை உஷ்ணமாக மாறுகிறது. மேடு ஏறும்போதும், பாரம் இழுக்கும்போதும், நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் வழுக்கல் அதிகம். ஆகவே உஷ்ணமும் அதிகம். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும் இந்த எண்ணெய், அதற்கு மேலே ஏறத்தாழ 10 பாகை கூடும்போதெல்லாம் தன் ஆயுளில் பாதியை இழக்கிறது என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

இந்தச் சூட்டைத் தணிப்பதற்காக வாகனம் செய்வோர் கண்டுபிடித்த உபாயம் சிக்கனமானது, புத்திசாலித்தனமானது, ஆனால் ஓர் ஆபத்தைத் தன் வயிற்றில் வைத்திருப்பது. எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் எப்படியும் இருக்கிறதல்லவா? அதன் அடித்தொட்டியிலோ பக்கத்தொட்டியிலோ ஒரு சிறு உலோகக் குழலைப் புதைத்து, கியர் எண்ணெயை அதன் வழியே ஓடவிட்டால், வெளியே சுற்றியிருக்கும் ரேடியேட்டர் நீர் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். தனியாக ஒரு கூலர் வைக்கும் செலவு மிச்சம். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. அந்தச் சுவரில் ஒரு மயிரிழை விரிசல் கண்டால், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் நீருக்குள் கசியலாம்; எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் இறங்கிவிட, சூட்டில் இன்னும் அழுத்தம் குறையாத ரேடியேட்டர் நீர் எண்ணெய்க்குள் புகுந்துவிடலாம். சிவந்த எண்ணெயும் நீரும் கலந்து வருவது நம் கடைகளில் விற்கும் சிரப் பண்டோங் போன்ற இளஞ்சிவப்புக் குழம்பு. கியர்பெட்டியின் உள்ளே விசையைப் பிடித்துக் கொடுக்கும் தகடுகளின் மேல் காகித இழையால் ஆன ஓர் உறை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நீரும் அதனோடு கலந்த கூலன்ட் இரசாயனமும் பட்ட மாத்திரத்தில் உறை ஊறி, பசை விட்டு, தகடுகள் பிடியிழக்கத் தொடங்குகின்றன. எண்ணெயைக் கழுவி மாற்றினால் தப்பிக்கலாம் என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கை. கியர்பெட்டியையே பிரித்துக் கட்ட வேண்டும், அல்லது வேறொன்று வாங்க வேண்டும்.

இது ஏட்டுச் சந்தேகமன்று. 2005 முதல் 2010 வரையிலான மாடல்களில் வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரன்டியர் ஆகிய மூன்று வண்டிகளில் இதே சுவர் விரிந்து, இதே கலப்பு நேர்ந்து, அமெரிக்காவில் ஏராளமான உரிமையாளர்கள் அரசாங்கத்திடம் புகார் எழுதினார்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, வரிவரியாகக் கோடு கீறிய சாலையின்மேல் ஓடுவதைப்போல நடுங்கிற்று என்றும், எஞ்சின் அலற வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை என்றும், பிறகு நடுவழியில் சக்கரங்களுக்கு விசையே போகாமல் நின்றது என்றும் அவர்கள் எழுதியவை ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்திருந்தன. நிறுவனம் 2010-ல் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்று நீட்டித்தது. அதன்பின் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு அதை 10 ஆண்டு அல்லது 100,000 மைலாக்கியது. ஆனால் 80,000 மைலைத் தாண்டியவர் பழுதுபார்ப்புச் செலவில் முதல் 2,500 டாலரையும், 90,000 மைலைத் தாண்டியவர் 3,000 டாலரையும் தம் கையிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் ஷரத்து. பழைய வண்டியின் விலையில் பெரும்பகுதியை உடையவரே கட்டிய பிறகு கிடைக்கும் நிவாரணத்துக்கு நிவாரணம் என்று பெயர் வைத்த வழக்கறிஞர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

பணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று அங்கே எழுந்தது. இது பாதுகாப்புக் குறைபாடா, அல்லது வெறும் பழுதா? பாதுகாப்புக் குறைபாடு என்று அரசாங்கம் தீர்மானித்துவிட்டால், நிறுவனம் ஒவ்வொரு வண்டியையும் திரும்ப அழைத்து, உடையவர் ஒரு காசும் கொடுக்காமல் சரிசெய்து தந்தாக வேண்டும். பயனீட்டாளர் அமைப்பொன்று அப்படித் தீர்மானிக்கும்படி அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மனுச் செய்தது. நிர்வாகம் மனுவை ஏற்கவில்லை. ஆகவே அந்த மூன்று வண்டிகளுக்கும் இந்தக் குறைக்காகத் திரும்ப அழைப்பு வரவேயில்லை. கிடைத்ததெல்லாம் உத்தரவாத நீட்டிப்புத்தான்.

அதே காலத்தில் இன்னொரு வழக்கு வேறு விதமாக முடிந்தது. 2014 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், சில்வராடோ, சியரா முதலிய பெரிய வண்டிகளில் சுமார் 490,000-ஐத் திரும்ப அழைத்தது. காரணம், கியர் எண்ணெயைக் கூலருக்குக் கொண்டுசெல்லும் குழாயின் இணைப்பு ஒன்று சரியாக இறுகப் பொருந்தாமல் இருக்கலாம், எண்ணெய் ஒழுகிச் சூடான பாகத்தின்மேல் விழுந்து வண்டி தீப்பற்றலாம் என்பது. அதாவது, எண்ணெய் வெளியே ஒழுகினால் அபாயம். நீர் உள்ளே புகுந்தால் நஷ்டம். தீ கண்ணுக்குத் தெரிகிறது, ஆகையால் அதற்குச் சட்டம் அசைகிறது. வண்டி நடுவழியில் விசை இழந்து நிற்பது ஒரு தொல்லை என்ற வகையில் சேர்க்கப்படுகிறது. நம் நாட்டிலும் புரோட்டோன் எக்சோரா, பிரிவே, சுப்ரிமா எஸ் ஆகியவற்றின் டர்போ எஞ்சின்களில் ஆயில் கூலர் குழாயை இலவசமாக மாற்றித் தரும் ஏற்பாடு ஒன்று நடந்தது; அது கியர் எண்ணெய்க்கானதன்று, எஞ்சின் எண்ணெய்க்கானது என்றாலும், வெளியே ஒழுகும் குறைக்கே விரைவில் பரிகாரம் கிடைக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அமெரிக்க நிர்வாகத்தின் தராசு அந்த நாட்டுச் சாலைகளுக்குப் பொருந்துமோ என்னவோ, நெகிரி செம்பிலானின் தோட்டச் சாலைகளுக்குப் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம். பாஹாவ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிரம்பான் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத செம்மண் பாதை, பிறகு கோலாப்பிலா, அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், புக்கிட் பூத்துஸ் மலையைக் கடந்து சிரம்பான். புதிய பாலச்சாலை வந்தபின் பழைய கொண்டை ஊசி வளைவுகளின் துன்பம் குறைந்தது உண்மையே. ஏற்றம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. ஜெலுபு பக்கத்திலிருந்து வருகிறவர் புக்கிட் தங்காவைத் தாண்ட வேண்டும். வண்டி நிறைய ஆட்கள், நடுப்பகல் வெயிலில் 33 பாகைக் காற்று, ஏர்கண்டிஷனர் வேறு, நீண்ட ஏற்றம் என்று கியர் எண்ணெயைக் காய்ச்சுவதற்கு வேண்டிய அத்தனையும் இந்தப் பிரயாணத்தில் ஒன்றுகூடுகின்றன. ஏற்றத்தின் நடுவே விசை விட்டுப்போன வண்டிக்குப் பின்னால் மரம் ஏற்றிய லோரி வந்துகொண்டிருக்கும். இறக்கத்தில் விட்டுப்போனால், எஞ்சினின் பிடிப்பு சக்கரத்துக்குக் கிடைக்காமல், வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். இரவில் செம்பனைக் காட்டுப் பாதையில் நின்றுவிட்டால், தொலைபேசியில் அலைவரிசை கிடைக்கும் இடம்வரை யாராவது நடக்க வேண்டும். இதைப் பழுது என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது, அந்தச் சாலையில் ஒருநாளும் போகாதவருக்கே சாத்தியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துவந்த காலத்தில், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கியர் கூலர் விரிசலால் மாண்டவர் என்று ஒரு பட்டியல் தயாரிக்க முனைந்தால் அது நீளமாக இராது. தோட்டத்து இளைஞனின் உயிருக்கு இந்த விரிசலைவிடத் தலைக்கவசத்தின் அறுந்த வாரே பெரிய பகை. எனினும், பகை சிறியது என்பதற்காக அதன் விலையைச் சும்மா கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. ஏனெனில் இங்கே விலை கட்டுகிறவர் எப்போதும் கடைசியாக வாங்கியவர்.

குற்றம் முழுவதையும் நிறுவனங்களின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவதும் நியாயமாகாது. நம் பழக்கங்களில் சில அந்த மெல்லிய சுவரை நாமே அரிப்பதற்குச் சமானம். ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது தோட்டப்புறத்தில் சர்வ சாதாரணம். நம் நாட்டில் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்போர் உண்டு. கூலன்ட் நீரை உறையாமல் காப்பதோடு நிற்பதில்லை. நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது, அதைவிட மேலாக, உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவதைத் தடுக்கிறது. வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அரிப்பு, எண்ணெய்க் குழலையும் சேர்த்தே தின்கிறது. கியர் எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை, ஆயுள் முழுதும் வரும் என்ற விற்பனைக் கூற்றை நம்பிப் பத்தாண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்கலாம்.

ஆயினும் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ள முடியாத இடம் ஒன்று இருக்கிறது: குளிர்தேசத்தில் வகுத்த கணக்கு வெப்பதேசத்தில் பலிக்குமா என்பது. 2013 நவம்பரில் வோக்ஸ்வாகன் தன் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி பொருத்திய வண்டிகளில் 16 லட்சத்தை உலகெங்குமிருந்து திரும்ப அழைத்து, அவற்றில் இருந்த செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெயை ஊற்றித் தந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தேசங்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், அந்தச் செயற்கை எண்ணெயால் கியர்பெட்டியின் மின்னோட்டம் தடைபடலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஐரோப்பாவின் இலையுதிர்காலத்தில் அருமையாக ஓடிய எண்ணெய், பூமத்தியரேகை வெயிலில் வேறு குணம் காட்டிற்று. இதை முன்கூட்டி அறிந்துகொள்ளும் கடமை, வண்டியை இங்கே விற்றுப் பணம் பண்ணுகிறவருடையதேயன்றி, அதை வாங்கி ஓட்டுகிறவருடையதன்று.

இனி, வண்டி கைமாறும் வழியைக் கவனிப்போம். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. முதல் உடையவர் உத்தரவாதக் காலம் முடிந்த சில ஆண்டுகளில் வண்டியை விற்றுவிடுகிறார். நடுக்கம் தொடங்கிய வண்டியாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக விற்றுவிடுகிறார். பழைய வண்டிக் கடைக்காரர் எண்ணெயை மாற்றி, உடம்பைப் பளபளக்கச் செய்து வாசலில் நிறுத்துகிறார். புது எண்ணெய் ஊற்றிய சில வாரங்களுக்கு நடுக்கம் ஒளிந்துகொள்ளும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பக்கோம் பரிசோதனை இருக்கிறதே என்பர். அந்தப் பரிசோதனை எஞ்சின் எண்ணையும் சட்டக (சேசிஸ்) எண்ணையும் ஒத்துப்பார்க்கும். வண்டியின் புறத்தை நோக்கும். கியர் எண்ணெயின் நிறத்தை விசாரிப்பது அதன் வேலையன்று. லோரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை கட்டாயப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கு அப்படியொரு கட்டாயம் இருந்ததில்லை.

இவ்வளவும் முறைப்படி வாங்குகிறவர் பாடு. முறைதப்பிய வழி ஒன்றும் தோட்டப்புறத்தில் நடமாடுகிறது. தவணை கட்ட முடியாத ஒருவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே மீதித் தவணையை மாதாமாதம் கட்டிவரும் சம்போங் பாயார் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். வங்கிக் கடனுக்குப் பத்திரம் காட்ட முடியாத ஒப்பந்தக் கூலிக்கு இது வரப்பிரசாதமாகத் தோன்றுகிறது. சட்டத்தின் கண்ணில் வண்டி அவருடையதன்று. நிறுவனத்தின் ஏட்டில் அவர் பெயர் இல்லை. கியர் போய்விட்டால் அவர் யாரிடமும் போய் நிற்க முடியாது. பிறகு பட்டறை சொல்வதே வேதவாக்கு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த ஹாஃப்கட் கியர்பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, விரிசல் விட்ட பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. நோய்க்கு மருந்து கொடுத்தாயிற்று, நோய் வந்த வழி திறந்தே கிடக்கிறது. சில மாதங்களில் இரண்டாவது பெட்டியும் இளஞ்சிவப்புக் குழம்பில் ஊறத் தொடங்குகிறது.

திரும்ப அழைக்கும் கடிதம் கடைசிக் கைவரை வந்து சேராமற்போனால் நேரக்கூடியது என்ன என்பதை வேறொரு குறையின் சரித்திரத்தில் இந்நாடு பார்த்திருக்கிறது. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெப்பத்திலும் ஈரத்திலும் நாட்பட நாட்படக் கெட்டு, விரியும்போது உலோகச் சிதறல்களை வீசியடிப்பவையாக மாறின. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் அதனால் உயிரிழந்தார். பின்னும் சில மரணங்கள் இந்நாட்டில் நேர்ந்தன. வருஷங்கள் கழிந்தும், மாற்றப்படாத பைகளோடு பழைய வண்டிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. ஏனெனில் நிறுவனத்தின் கையில் இருந்த விலாசம் பல வண்டிகளுக்குப் பழைய உடையவருடையது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, சிரம்பான் 2, சென்டாயான், நீலாய் என்று பால்மரக் காடுகள் நகரங்களாக மாறியபோது குடும்பங்கள் சிதறிக் குடியேறியதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். வண்டியும் இடம் மாறிற்று, மனிதரும் இடம் மாறினார். கடிதம் எந்த வாசலைத் தட்டும்?

இவ்வளவு இருந்தும் நம் பக்கத்திலிருந்து புகார் எழுவதில்லை. தோட்டத்து வாழ்க்கையில் குறையைச் சொல்லும் வழி, கிராணியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ வாய்வார்த்தையாகச் சொல்வதாகவே நெடுங்காலம் இருந்தது. எழுதிக் கையொப்பமிட்டு, ரசீதைப் பின்னிணைத்து, எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி அனுப்பி வழக்காடும் பழக்கம் நம்மில் வேரூன்றவில்லை. தலைவிதி என்று ஒரு சொல்லும் கைவசம் இருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி செலவை அந்தச் சொல்லில் கட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். அமெரிக்கப் புகார்க்காரர்கள் அரசாங்கத்தின் தராசில் தோற்றார்கள் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் எழுதியிராவிட்டால் உத்தரவாத நீட்டிப்புக்கூட வந்திராது. ஒரே குறையை நூறு பேர் தனித்தனியே எழுதும்போதுதான், அது ஒரு வண்டியின் துரதிர்ஷ்டமன்று, ஒரு மாடலின் குறைபாடு என்பது வெளிப்படுகிறது.

நம் சட்டம் இதில் முற்றிலும் கைவிட்டுவிடவுமில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்று விதித்து, அந்தத் தரத்தின் இலக்கணத்திலேயே பாதுகாப்பையும் நீடித்த உழைப்பையும் சேர்த்திருக்கிறது. உதிரிப் பாகங்களும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பட்டறையின் வேலையும் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆகவே விரிந்த ரேடியேட்டரை விட்டுவிட்டுக் கியர்பெட்டியை மட்டும் மாற்றிய பட்டறைக்காரரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. அதே சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. சிங்கப்பூர் 2012 செப்டம்பரிலிருந்தே பழுதான பொருள்களுக்கென்று லெமன் சட்டம் என வழங்கும் விதிகளைச் செயல்படுத்தி, வாங்கி ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை விற்கும்போதே இருந்தது என்று கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை விற்றவர் தலையில் வைத்திருக்கிறது. இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பயனீட்டாளர் இயக்கங்கள் பல்லாண்டாகக் கேட்டு வருகின்றன. பழைய வண்டியை வாங்கும் ஏழைக்கு, புது வண்டி வாங்குகிறவரைவிட அந்தச் சட்டம் அவசியம் என்பேன். புது வண்டிக்காரருக்கு நிறுவனத்தின் உத்தரவாதமாவது இருக்கிறது.

நிறுவனங்களும் அரசாங்கமும் செய்யக்கூடிய காரியம் கடினமானதன்று. உத்தரவாதத்தையும் திரும்ப அழைப்பையும் உடையவரின் பெயரோடு கட்டாமல் வண்டியின் சட்டக எண்ணோடு கட்டி, ஆண்டுதோறும் சாலை வரி புதுப்பிக்கும் வேளையில் நிலுவையிலுள்ள குறையை ஓட்டுநருக்குத் தெரிவிக்கலாம். எத்தனை கைமாறினாலும் வண்டி வரி கட்டியாக வேண்டுமல்லவா? பெயர் மாற்றப் பரிசோதனையில் கியர் எண்ணெயின் ஒரு சொட்டை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விடச் சொல்லலாம். இதற்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம்.

அதுவரை வாங்குகிறவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரின்மேல் எண்ணெய்ப் படலமோ சிவந்த கசடோ மிதக்கிறதா என்று பாருங்கள். கியர் எண்ணெய்க்கு அளவுக்கோல் இருந்தால் அதை உருவிப் பாருங்கள். இளஞ்சிவப்பாய்ப் பால் கலந்ததுபோல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சமநிலத்தில் 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்போது நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் வண்டி பத்தாண்டைத் தாண்டியதாக இருந்தால், ரேடியேட்டருக்குள் போகும் எண்ணெய்க் குழாயைத் துண்டித்து, முன்புறத்தில் தனியாக ஓர் ஆயில் கூலர் பொருத்தச் சொல்லுங்கள். கியர்பெட்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு, நீரும் எண்ணெயும் சந்திக்கும் சந்தர்ப்பமே அதன்பின் இராது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் ஏமாற்றப்பட்டால், கடைக்காரரிடமோ பட்டறைக்காரரிடமோ சண்டை போட்டுத் தொண்டையை வறளவிடாமல், நடுவர் மன்றத்தின் முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்யுங்கள். பிள்ளைகளில் மலாய் எழுதத் தெரிந்தவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். குறை தோன்றிய மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்; கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞர் வேண்டியதில்லை, வண்டி வாங்கிய ரசீதும் பட்டறை கொடுத்த பில்லும் வேண்டும்.